பித்தளைக் கோதும் அளவுகோலும்: ஊவாவின் துவக்கு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றைப் பெருங் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. நீராவிப் பொறி, புகையிரதம், தந்தி என்பன பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளன. ஒரு பொருளின் விளிம்பிலே மயிரிழையளவு சீவியெடுப்பதற்கென்று அமைந்த சிறு கருவிகள் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயின், ஒரு சமூகத்தில் அளவும் ஆற்றலும் யார் கையில் இருந்தன என்பதை அறிவதற்கு இத்தகைய சிறு கருவிகளே சில வேளைகளிற் பெரிதும் துணைபுரிகின்றன.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய ஒரு கருவியாகும். றைபிளில் ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிந்துவிடாது, அதனைப் பழைய வடிவுக்குக் கொணர்ந்து, புதிதாக மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவது மேலைநாடுகள் சிலவற்றில் நெடுநாளைய வீட்டுத்தொழில். அவ்வாறு செய்வோர், நீண்டுவிட்ட கோதின் கழுத்தை உரிய அளவுக்குக் குறைப்பதற்கு ஒரு கருவியைத் தெரிவுசெய்ய வேண்டியுள்ளது. எந்தக் கருவி சிறந்தது என்பது அமெரிக்க வேட்டைக்காரன் ஒருவனுக்குச் சாதாரணமான வினா. மொனராகலையின் சேனைப் பயிர்ச்செய்கையாளனுக்கோ பதுளைத் தோட்டங்களின் தொழிலாளிக்கோ அவ்வினா எழுவதற்கான சூழ்நிலையே அமையவில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களை ஊவாவின் வரலாற்றில் தேடுவதே நமது நோக்கமாகும்.

கோதும் அதன் இயல்பும்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படைவீரனது தோட்டா ஒரு கடதாசிப் பொட்டலமே. அதனைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குதல் வேண்டும். என்பீல்ட் துவக்கின் தோட்டாப் பொட்டலத்திற் பூசப்பட்ட கொழுப்பு 1857 இல் வட இந்தியாவிற் சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயமைந்தது யாவரும் அறிந்ததே. அதன் பின் ஒரு பத்தாண்டுக்குள் கடதாசியின் இடத்தை உலோகம் பிடிக்கத் தொடங்கியது. 1866 இல் இங்கிலாந்தில் வூல்விச் படைக்கல ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொக்சரும், ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பெர்டனும், அடிபட்டதும் தீப்பொறி தரும் கேப்பை நடு அடியிற் கொண்ட தோட்டா அமைப்புகளுக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றனர்.

பித்தளை இத்தொழிலுக்கு ஏற்றதாய் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. சுடும் கணத்தில் அது விரிந்து துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னோக்கிக் கசியாதவாறு தடுக்கிறது. அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்கி வெளிவருகிறது. குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப் செயலற்றுப்போகிறது. கோது ஒன்றே மீளுகிறது. தோட்டாவின் பகுதிகளுள் செய்வதற்குக் கடினமானதும் விலை கூடியதும் அதுவே. ஆகவே சுட்ட கோதைச் சேமிப்பவன் உண்மையில் தொழிற்சாலையின் உழைப்பைச் சேமிக்கிறான். வீட்டில் மீள நிரப்பும் வழக்கத்தின் பொருளாதார அடிப்படை இதுவாகும்.

ஆனால் மீண்டு வரும் கோது போன கோது அன்று. அறையின் அளவுக்கு விரிந்த அதனை உருக்கு அச்சினுள் அழுத்திச் சிறுக்கச் செய்யும்போது உலோகம் முன்னோக்கி நகர்கிறது, கழுத்து நீள்கிறது. பிரித்தானியப் பேரரசின் படைத்துவக்காகிய ·303 ஐ உதாரணமாகக் கொள்வோம். அதன் கோதின் உச்ச நீளம் 2.222 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56.4 மில்லிமீற்றர். மீள நிரப்புவோர் வழக்கமாக அதனை ஓர் அங்குலத்தின் நூறிலொரு பங்கு குறைத்து, 2.212 அங்குலத்திற்குக் கத்தரிப்பர். கத்தரிக்காது விட்டால் நீண்ட கழுத்தின் வாய் அறையின் முன் விளிம்பிலே நெருக்குண்டு குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபடத் தாமதிக்கவே அழுத்தம் எல்லை மீறும். மயிரிழை அளவு கண்ணுக்கும் கைக்கும் சேதம் விளைவிப்பது இவ்வாறே. அதே வேளை, எவ்வளவு உலோகம் முன்னே வந்ததோ அவ்வளவும் கோதின் சுவரிலிருந்து வந்ததென்பதும் மனங்கொள்ளத்தக்கது. அடியையடுத்துச் சுற்றிலும் ஒரு பளபளப்பான வளையம் தென்படுமாயின் அக்கோது கத்தரிப்பதற்குரியதன்று, கழித்துவிடுதற்குரியது.

கருவிகளின் தெரிவு

வீட்டுத்தொழிலாளர் பயன்படுத்தும் கத்தரிப்புக் கருவிகளை நாம் நான்காக வகுக்கலாம். முதலாவது, வன்மைப்படுத்திய உருக்கு அச்சு. கோதை அதனுள் செலுத்தி, மேலே துருத்தும் பகுதியை அரத்தால் அராவிவிடுவர். அளவு அச்சிலேயே அமைந்திருப்பதாற் பிழை நேர இடம் குறைவு. எனினும் வேலை மெதுவானது. ஒவ்வொரு வகைத் துவக்குக்கும் தனி அச்சு வேண்டும்.

இரண்டாவது, நீளத்தைத் தன்னிலேயே கொண்ட கம்பியோடு கூடிய கைவெட்டி. அக்கம்பி கோதின் உள்ளே சென்று, அடியின் நடுத்துளை வழியே வெளிப்பட்டுப் பிடியைத் தொட்டதும் வெட்டு நின்றுவிடும். மிக மலிவானது, புதியவருக்கும் ஏற்றது, ஆனால் நீளத்தை மாற்ற இயலாது. இதிலே வரலாற்று முரண் ஒன்றும் பொதிந்துள்ளது. நடுவில் ஒரே துளையையுடைய பொக்சர் அமைப்பு ஆங்கிலேயனுடையது. அது அமெரிக்காவில் நிலைபெற்றது. நடுவிற் சிறு முனையும் அதன் பக்கங்களில் இரு துளைகளும் கொண்ட பெர்டன் அமைப்பு அமெரிக்கனுடையது. அது ஐரோப்பாவிலும் பிரித்தானியப் படைத்தோட்டாக்களிலும் நிலைபெற்றது. ஆகவே பழைய ·303 படைக்கோதுகள் பெரும்பாலானவற்றில் இக்கைவெட்டியின் கம்பி நுழையாது. தன்னிடமுள்ள கோது எவ்வகையினது என்று பாராமற் கருவி வாங்குபவன் ஏமாறுவான்.

மூன்றாவது, கையாற் சுழற்றும் சிறு கடைசல் அமைப்பு. கோதின் அடியை ஒரு பற்றி பிடித்துக்கொள்ள, கழுத்தினுள் வழிகாட்டித் தண்டு நுழைய, வெட்டலகு விளிம்பைச் சீவும். நீளத்தை வேண்டியவாறு திருத்தலாம். பலவகைத் துவக்குகளுக்கும் ஒரே கருவி போதும். பற்றி ஒவ்வொரு முறையும் கோதை ஒரே இடத்தில் நிறுத்துகிறதா என்பதே இதன் தரத்தைத் தீர்மானிப்பது. நான்காவது, மின் விசையாற் சுழல்வது. நூற்றுக்கணக்கான கோதுகளை ஒருங்கே கத்தரிப்போர்க்கன்றி ஏனையோர்க்கு அதன் விலை தகாது.

எக்கருவியாயினும் கத்தரித்த பின் விளிம்பின் உள்ளும் புறமும் பிசிறு நீக்கல் வேண்டும். இடுக்கிமானியால் அளந்து பார்த்தல் வேண்டும். ஒரு துவக்கும் சில கோதுகளும் உடையவனுக்கு முதலிரு வகைகளுள் ஒன்று போதும். பல துவக்குகள் உடையவனுக்கு மூன்றாவதே தகும். தெரிவின் சாரம் இவ்வளவே. 1884 இல் நியூ ஹேவன் நகரில் ஜோன் பார்லோ ஐடியல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி மீள்நிரப்பும் கைக்கருவிகளைச் செய்து விற்றார். 1925 இல் லைமன் நிறுவனம் அதனை வாங்கியது. கடையிற் கருவி, கடையில் மருந்து, கடையில் கேப், கையிற் சட்டபூர்வமான றைபிள், வழிகாட்ட ஒரு கைந்நூல் ஆகிய இவ்வைந்தும் சேர்ந்தவிடத்திலேயே "எதைத் தெரிவது" என்ற வினா எழுகிறது. ஊவாவில் இவ்வைந்தும் எவ்வாறு பிரிந்து நின்றன என்பதை இனி நோக்குவோம்.

ஊவாவின் இரும்பும் மருந்தும்

இப்பகுதி மக்கள் உலோகத் தொழில் அறியாதவர்களாய் இருந்தமையாற் பின்தங்கினர் என்று கொள்வது வரலாற்றுக்கு முரணானது. ஊவா மேட்டுநிலத்தின் தென்மேற்கு விளிம்பையடுத்த சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கில் ஜுலெவ் 1996 இல் வெளியிட்ட ஆய்வு அவை கிறிஸ்துவுக்குப் பிந்திய முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை எனக் காட்டிற்று. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கோவாவில் தங்கியிருந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கொல்லர் செய்த துவக்குக் குழல்களின் வேலைப்பாட்டை வியந்து எழுதினார். வெடியுப்புங்கூட உள்நாட்டிற் கிடைத்தது. குகை மண்ணோடு மரச்சாம்பலைச் சேர்த்து நீரூற்றி வடித்து அவ்வுப்பை எடுக்கும் முறையை 1821 இல் வெளியான தமது நூலில் ஜோன் டேவி விவரித்துள்ளார். கண்டி இராச்சியம் தனது துவக்கையும் மருந்தையும் தானே ஆக்கும் ஆற்றல் பெற்றிருந்தது எனலாம்.

இவ்வாற்றலின் முறிவு 1817–1818 ஆம் ஆண்டுகளின் ஊவா–வெல்லஸ்ஸ எழுச்சியோடு தொடர்புடையது. 1815 மார்ச் 2 ஆந் திகதிய உடன்படிக்கையின் மூலம் கண்டியைப் பெற்ற பிரித்தானியர், இரண்டரை ஆண்டுகளுக்குள் வெல்லஸ்ஸவில் எழுச்சியை எதிர்கொண்டனர். பதுளையில் உதவி வதிவாளராயிருந்த வில்சன் 1817 செப்டெம்பரிற் கொல்லப்பட்டார். எழுச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை எழுச்சியாளரோடு இணைந்து, 1818 நவம்பர் 26 இற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, மக்களிடமிருந்த துவக்குகள் திரட்டப்பட்டன. இன்றைய மொனராகலை மாவட்டம் 1959 இற் பதுளையிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வறுமையின் வேர்களை ஆராய்வோர் 1818 ஐத் தவிர்த்துச் செல்ல இயலாது.

துரைமாரின் றைபிள்

ஒருபுறம் துவக்குகள் பறிக்கப்பட, மறுபுறம் வேட்டை ஆள்வோரின் பொழுதுபோக்காயிற்று. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகிறார். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டைகளைப் பற்றி 1850 களின் முற்பகுதியில் நூலெழுதினார். இவர்களது துவக்குகள் வாய்வழி மருந்திடும் வகையினவே. அதாவது, 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துரையின் துவக்குக்கும் கிராமத்தவனின் துவக்குக்கும் இடையிலான வேறுபாடு வேலைப்பாட்டிலும் விலையிலும் இருந்ததேயன்றி அடிப்படைத் தத்துவத்தில் இருக்கவில்லை.

பித்தளைக் கோது வந்தபின் அவ்வேறுபாடு தத்துவ வேறுபாடாயிற்று. வாய்வழித் துவக்கை ஊர்க்கொல்லன் செய்யலாம். ஆனால் கோதைச் செய்வதற்கு உருட்டாலையும் அழுத்தப் பொறியும் வேண்டும். தொழிற்சாலையோடு தொடர்பற்றவன் பழைய கட்டத்திலேயே நின்றான். அத்தொடர்பைச் சட்டம் தன் கையில் வைத்துக்கொண்டது. 1900 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டது. 1949 வரை அது நிலைத்தது. அரசின் றைபிள் தோட்டத்துரையின் கைக்கு எட்டுவதாயிற்று. 1915 கலவரத்தை ஒடுக்குவதில் ஐரோப்பியத் தொண்டர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டிற் பிறந்ததே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்ற விதியின் அடித்தளம் இன்றுவரை அதுவே. விடுதலைக்குப் பின் வந்த 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் மருந்தின் ஆக்கத்தையும் வைப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்திற்று. மீள்நிரப்பும் தொழிலுக்கு வேண்டிய ஐந்தும் இங்கு ஒரு குடியானவனின் கையில் ஒருபோதும் ஒன்றுசேரவில்லை.

லெனாட் வுல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். மொனராகலையை அடுத்த அக்காட்டுப்புற வாழ்வை வைத்து அவர் 1913 இல் வெளியிட்ட நாவலின் நாயகன் சிலிந்து வாய்வழித் துவக்கு வைத்திருக்கும் வேட்டைக்காரன். காட்டில் அவனுக்கு உணவளித்த அத்துவக்கே, இறுதியில் தன்னை வருத்திய இருவர்மீது திரும்புகிறது. அக்காலத்துக் கிராமத்தில் துவக்கு வேட்டைக் கருவி மட்டுமன்று, அதிகாரத்தை எதிர்கொள்ளும் கடைசி வழியுமாகலாம் என்பதை ஆட்சியாளர்களில் ஒருவரே உணர்ந்திருந்தார் என்பது நோக்கற்பாலது.

குழலின் முன் நின்றோர்

சிங்களக் குடியானவனிடம் பழைய துவக்காவது எஞ்சியிருந்தது. ஊவாவின் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடம் அதுவும் இல்லை. இவர்கள் இரு கரைகளிலும் ஆயுதம் மறுக்கப்பட்டவர்கள். 1878 ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியருக்கு அனுமதிப்பத்திரத்தை விதித்து, அதன் விதிகளால் ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அச்சட்டத்தின் கீழிருந்த திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர், இங்கே துரையின் நிலத்தில், துரையின் லயன் அறையில் வாழ்ந்தனர். துவக்கை அவர்கள் அறிந்தது குழலின் முன்புறத்திலிருந்தே.

1940 ஜனவரி 10 இல் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரர்மீது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில் வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியது. பதுளையின் வெவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிவுசெய்தனர் என்றும், தோட்டத்துரை அச்சபையோடு கலந்தே செயற்பட இணங்கினார் என்றும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைக் களைந்தனர் என்றும் இலங்கைச் சமசமாஜக் கட்சியின் வரலாறுகள் பதிவுசெய்துள்ளன. சுடத் தெரியாத கைகள் சுடுவோரின் கைகளை வெறுமையாக்கிய அந்நிகழ்ச்சி, ஊவாவின் துவக்கு வரலாற்றில் நாம் முதன்மை கொடுத்து நோக்கவேண்டிய ஒன்று. அங்கே ஆற்றலாய் நின்றது கருவியன்று, கூட்டு.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1983 ஜூலையிற் பதுளை நகர் எரிந்தபோது அவர்களுக்குக் காவலாய் எதுவும் இருக்கவில்லை.

வாய்வழித் துவக்கின் இன்றைய வாழ்வு

1971 ஏப்ரல் 5 ஆந் திகதி அதிகாலையில், குறித்த நேரத்துக்கு முன்னதாகவே, மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு நாடளாவிய இளைஞர் கிளர்ச்சி வெளிப்பட்டது. அவ்விளைஞரிடம் இருந்தவை பெரும்பாலும் சன்னத் துவக்குகளும் வீட்டில் செய்த குண்டுகளுமே. அரசின் படைக்கருவியோடு அவை ஈடுகொடுக்க முடியாமற்போனதில் வியப்பில்லை. அளந்து செய்த கருவிக்கும் அளவின்றிச் செய்த கருவிக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருந்தது.

அவ்விடைவெளி இன்னும் மறையவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற துவக்குகள் உண்டெனினும், அவை கிட்டாதவர் பலர் சட்டத்துக்குப் புறம்பான வாய்வழித் துவக்கையே நாடுகின்றனர். கரும்புத் தோட்டங்களும் குடியேற்றங்களும் யானைகளின் வழித்தடங்களை அடைத்த பின், இரவு முழுவதும் பரணில் விழித்திருக்கும் விவசாயியின் நிலை நாம் அறிந்ததே. காட்டுப்பன்றிக்கென வைக்கும் கட்டுத்துவக்கு எவரையும் பிரித்தறியாது. விறகுக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளியின் முழங்காலையும், நீர் தேடி வரும் யானையின் காலையும் அது ஒன்றாகவே துளைக்கிறது. மருந்தை இடித்திறக்கிய கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று விரற்கடையாற் பார்ப்பது வாய்வழித் துவக்காளர் பல நாடுகளிலும் கைக்கொண்ட அளவை. அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அளக்கும் இடுக்கிமானிக்கும் இவ்விரற்கடைக்கும் இடையிலான தூரத்தைத் தொழில்நுட்ப அறியாமை என்று கூறி ஒதுக்குவது எளிது. அது வர்க்கத்தின் தூரம் என்பதே நமது துணிபு.

முடிவுரை

இங்கு நாம் கூறியவற்றை, ஊவாவின் குடியானவனுக்கும் கோது கத்தரிக்கும் கருவி வழங்கப்படல் வேண்டும் என்ற கோரிக்கையாக எவரும் கொள்ளலாகாது. உரிமமின்றி மருந்தையும் தோட்டாவையும் ஆக்குவது இந்நாட்டிற் குற்றம். நாடு கண்ட குருதிப் பெருக்கின் பின் அத்தடை தளர வேண்டுமென விரும்புவோர் சிலரே இருப்பர். நாம் வற்புறுத்துவது வேறு. ஒரு கருவியின் தெரிவு தனிமனித விருப்பம் போலத் தோன்றினும், அத்தெரிவுக்கு முன்பே பல தெரிவுகள் நடந்து முடிந்துள்ளன. யார் துவக்கு வைத்திருக்கலாம், யார் மருந்து வாங்கலாம், யார் குழலின் எந்தப் பக்கத்தில் நிற்பது என்பன 1818 இலும் 1878 இலும் 1916 இலும் தீர்மானிக்கப்பட்டவை. அமெரிக்க வேட்டைக்காரனின் மேசையில் உள்ள சிறு கடைசற் கருவி அவனது சுதந்திரத்தின் அடையாளம் மட்டுமன்று. மற்றோரிடத்தில் மறுக்கப்பட்டவற்றின் அளவுகோலுமாகும்.

கட்டுத்துவக்கை ஒழிக்கப் பொலிஸ் தேடுதல் மட்டும் போதாது. யானைக்கும் விவசாயிக்கும் இடையே நிலத்தை முறையாகப் பங்கிடுதலும், பயிரிழப்புக்குக் காலந்தாழ்த்தாத இழப்பீடும், தோட்டத் தொழிலாளிக்கு விறகு தேடிக் காடு செல்லவேண்டாத வாழ்வும் அதற்கு முன்நிபந்தனைகள். மயிரிழையளவு பித்தளையைப் பற்றித் தொடங்கிய ஆய்வு நிலத்திலும் கூலியிலும் வந்து முடிவது தற்செயலானதன்று. ஊவாவைப் பொறுத்தவரை வரலாற்றின் எந்தச் சிறு துண்டை எடுத்தாலும் அது இறுதியில் அங்கேயே நம்மைக் கொண்டு சேர்க்கிறது.